வகுத்தால் நாங்கள்தான் சாம்பியன்

உக்காருங்கம்மா. அந்த பெஞ்சு வேணாம், ஒரு பக்கம் ஆடும், இப்படி வாங்க. தங்கராசு, ரெண்டு டீ போடு, ஒண்ணுல சக்கரை கம்மி. நான்தான் தணிகாசலம். பேசின் யூனியன் ஃபுட்பால் கிளப்புக்குப் பதினெட்டு வருஷம் செக்ரட்டரி. நீங்க போன்ல சொன்ன புஸ்தகம், நம்ம தேசிய லீக்கோட சரித்திரம், எந்த வருஷம் யார் சாம்பியன்னு வரிசையா போடப்போறீங்க, அதானே? நல்ல காரியம். ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அந்த வரிசையில ஏழு பேர் இருக்கு. ஏழும் தண்டம்.

சிரிக்காதீங்க, எழுதிக்குங்க. இப்ப டிவில கலர் கலரா சட்டை போட்டுக்கிட்டு ஓடறானுங்களே, அந்த லீக் இல்ல இது. அதுக்கு ரொம்ப முன்னாடி, ஏழே ஏழு வருஷம் நடந்து செத்துப்போன லீக். கருமாதிக்குக்கூட யாரும் வரல. பேப்பர்காரன் நாலு வரி போட்டான், அதுலயும் ஒரு வரி மழையைப் பத்தி.

முதல் வருஷம் யாரு? கல்கத்தா கங்கா ஸ்போர்ட்டிங். எப்படி ஜெயிச்சான்னு கேளுங்க. பன்னெண்டு டீம் ஆடணும். நாலு டீமுக்கு ரயில்ல இடம் கிடைக்கல, வரவே இல்ல. வராதவனையெல்லாம் இவன் ஜெயிச்சதா புள்ளி போட்டுக் குடுத்தாங்க. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. அதுக்கு அவனுங்க ஊர்ல ஊர்வலம் வேற.

ரெண்டாவது வருஷம் கோவாக்காரன், மாண்டோவி கிளப். ஜூலை மாசத்துல மேட்ச் வெச்சாங்கம்மா. முழங்கால் தண்ணியில தவளைக்கும் மனுஷனுக்கும் பந்தயம் வெச்சா தவளைதான ஜெயிக்கும்? மூணாவது, பஞ்சாப் சட்லெஜ் மில்ஸ். ஒவ்வொருத்தனும் ஆறடி. பந்து எங்க இருக்குன்னு அவனுங்களுக்கு அக்கறையே கிடையாது, கால் எங்க இருக்குன்னுதான் பாப்பானுங்க. எங்க பையன் ஒருத்தன் அந்த மேட்ச் ஆடிட்டு வந்து மூணு மாசம் கட்டு போட்டுக்கிட்டுக் கிடந்தான். நாலாவது வருஷம் திரும்பவும் கங்கா. அது என்ன ஜெயிப்பு, பஞ்சாப்காரனுங்க பாதிப் பேர் சஸ்பெண்ட் ஆகி வீட்ல உக்காந்திருந்தானுங்க, செத்த பாம்பை அடிச்சான்.

அஞ்சாவதுக்கு அப்புறம் வர்றேன். ஆறாவது கேரளா, கல்லாயி பிரதர்ஸ். அவங்க நல்லா ஆடினாங்கன்னு எல்லாரும் சொல்வான். ஆடினாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த வருஷம் எதிர்ல எங்க டீம் எத்திராஜ் இல்ல. அவன் இருந்திருந்தா, பின்னாடி கோலைக் காக்கற அந்த நாலு பேக்கையும் சாயந்திரம் வரைக்கும் சுத்த விட்டிருப்பான். ஏழாவது வருஷம் கடைசி மேட்சே நடக்கல. கிரவுண்டைப் பொருட்காட்சிக்கு விட்டுட்டாங்க. கோல் போஸ்ட் நட்ட இடத்துல டெல்லி அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருக்கான். சீட்டு எழுதிக் குலுக்கி ஒருத்தனைச் சாம்பியன்னு சொன்னாங்க. யாருன்னு உங்க கிட்ட இருக்கும், நான் அந்தப் பேரை வாயால சொல்றதில்ல.

டீ ஆறுது, குடிங்க.

இப்ப அஞ்சாவது வருஷம். உங்க லிஸ்ட்ல என்ன போட்டிருக்கு? கங்கா ஸ்போர்ட்டிங். அதான் தப்பு. அங்க பேசின் யூனியன்னு வரணும். முழுசா மாத்த முடியாதுன்னா, கங்கா பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டு, கீழ சின்ன எழுத்துல நான் சொல்றதைப் போடுங்க. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். எனக்கு எண்பத்தொண்ணு நடக்குது, அந்த ஒரு நட்சத்திரத்தைப் பாத்துட்டா போதும்.

எங்க டீமை ஒண்ணும் பெரிசா நினைச்சுக்காதீங்க. பதினொரு பேர்ல பத்துப் பேர் தண்டச்சோறு. கூட்ஸ் ஷெட்ல மூட்டை தூக்கறவன் பிள்ளை, தோல் மண்டிக்காரன் பிள்ளை, எவனுக்கும் இங்கிலீஷ்ல பேர் எழுத வராது. கோச்சுக்கு விசில் ஊதறதைத் தவிர வேற தெரியாது. நான் ரயில்வே ஆபீஸ்ல சீனியர் கிளார்க். லெட்டர் போடறது, ரிஜிஸ்டர் பண்றது, புள்ளிக் கணக்கு, கோல் கணக்கு எல்லாம் நான்தான். நான் இல்லேன்னா அந்தக் கிளப் மாங்கா விக்கப் போயிருக்கும். இதை நானா சொல்லல, எல்லாரும் சொல்வாங்க. தங்கராசு, சொல்லுவாங்களா இல்லியா? பாருங்க, தலையாட்டறான்.

ஆட்டக்காரன்னா ஒருத்தன்தான். எத்திராஜ். ஃபார்வர்ட். இந்தக் கடைக்குப் பின்னாடி மூணாவது சந்துல பொறந்தவன். பந்தைக் கால்ல வெச்சுக்கிட்டு நிப்பான் பாருங்க, எந்தப் பக்கம் போவான்னு எதிர்ல இருக்கறவனுக்கு இல்ல, கடவுளுக்கே தெரியாது. அந்த சீசன்ல நாங்க போட்ட இருபத்தி நாலு கோல்ல பதினஞ்சு அவன் போட்டது. ஆனா மண்டையில ஒண்ணும் கிடையாது. 'அண்ணே, நமக்கு எத்தினி புள்ளிண்ணே?'ன்னு வாரா வாரம் என்னைத்தான் கேப்பான். நீங்க அவனைப் பாக்கணும்னு நினைச்சிருப்பீங்க. வேணாம். அவன்கிட்ட போனா நேரம்தான் வீணாகும். அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

கடைசி மேட்சைக் கேளுங்க. நம்ம ஊர்லயே, ஞாயித்துக்கிழமை சாயந்திரம். கங்காக்காரன் முந்தின நாளே ஆடி முடிச்சுட்டான். அவன் மொத்தம் போட்டது முப்பத்தெட்டு கோல், வாங்கினது பத்தொம்போது. நாங்க அன்னிக்கு ஜெயிச்சா ரெண்டு பேருக்கும் புள்ளி சமம். அப்ப யாருக்குக் கப்பு? கோல் கணக்குல யார் மேலயோ அவனுக்கு. நான் சட்டைப் பையில சீட்டு எழுதி வெச்சிருந்தேன். ஒண்ணுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சா, நாங்க போட்டது இருபத்தி நாலு, வாங்கினது ஆறு. வகுத்துப் பாருங்க. இருபத்தி நாலை ஆறால வகுத்தா நாலு. கங்காவுக்கு முப்பத்தெட்டைப் பத்தொம்போதால வகுத்தா ரெண்டு. நாலு எங்க, ரெண்டு எங்க. ஒரு கோல் போதும். போட்டதை வாங்கினதால வகுக்கறதுதான் ஃபுட்பால்ல ஆதிகாலத்துல இருந்து முறை. வெள்ளைக்காரன் வெச்சது.

அன்னிக்குன்னு பாத்து கோச்சுக்கு மஞ்சக் காமாலை. லைன்ல உக்காந்தது நான். எதிர்ல நாக்பூர் மில்ஸ், பட்டியல்ல கடைசி டீம். அவனுங்க பந்தைப் பாத்தா யாருதோ தொலைஞ்ச பொருள் மாதிரி எட்டி நிப்பானுங்க. முப்பத்தோராவது நிமிஷம் எங்களுக்குப் பெனால்டி. எத்திராஜ் அடிக்கறான். போஸ்ட்ல பட்டு வெளிய போச்சு. நாய் பேயெல்லாம் போடற பெனால்டி. பெனால்டி விட்டான், கப்பு போச்சு. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். இந்தப் பேட்டையில பால் குடிக்கற குழந்தையைக் கேளுங்க, அதுவும் சொல்லும்.

இருங்க, கேள்வியெல்லாம் கடைசியில. எனக்குக் கோர்வை விட்டுப் போயிடும்.

ரெண்டாவது பாதியில அவனே ஒரு கோல் போட்டான். நல்ல கோல். சரி, ரொம்ப நல்ல கோல். ஒண்ணுக்கு பூஜ்யம். அறுபத்தஞ்சாவது நிமிஷம் நாக்பூர்ல ஒருத்தன் ரெட் கார்டு வாங்கி வெளிய போறான். பத்துப் பேர். நாக்குத் தள்ளிடுச்சு அவனுங்களுக்கு. இந்த எத்திராஜ் என்ன பண்றான், இன்னும் வேணும் இன்னும் வேணும்னு முன்னாடியே ஓடறான், பின்னாடி இருக்கறவனையும் வா வான்னு கூப்பிடறான். எனக்குப் பதறுது. அங்க எல்லாரும் முன்னாடி போய் இங்க ஒண்ணு வாங்கிட்டோம்னா? சமம் ஆயிட்டா புள்ளியும் போச்சு, கப்பும் போச்சு. எழுபதாவது நிமிஷம் போர்டைத் தூக்கினேன். எத்திராஜ் வெளிய, கோலைக் காக்க ஒரு பேக் உள்ள. மிச்ச நேரம் பூரா கோட்டையைப் பூட்டிக்கிட்டு நில்லுங்கடான்னு சொன்னேன்.

வந்தான். தலை நனைஞ்ச மாதிரி வேர்வை. 'அண்ணே, அவனுங்க படுத்துட்டானுங்கண்ணே. என்னை உள்ள வுடுண்ணே, இன்னும் மூணு போட்டுக் குடுக்கறேன்'னான். 'கணக்கு எனக்குத் தெரியும், உக்கார்றா'ன்னேன். உக்காந்தான். ஷூ லேஸைக்கூட அவுக்காம கிரவுண்டையே பாத்துக்கிட்டு இருந்தான். அதுவும் ஒரு திமிர்தான், பாத்துக்குங்க.

விசில் அடிச்சாச்சு. ஜெயிச்சாச்சு. ஜனங்க என்னைத் தோள்ல தூக்கினாங்க. ஆட்டக்காரனை இல்லம்மா, செக்ரட்டரியை. லாரி மேல நாற்காலி போட்டு உக்கார வெச்சு, பேண்டு வாத்தியம் முன்னாடி போக, பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்கி இந்தக் கடை வரைக்கும் கொண்டாந்தாங்க. நான் பாலத்து மேல வெச்சு மைக்குல சொன்னேன், 'வகுத்தால் நாலு, வகுத்தால் நாலு'ன்னு. ஒருத்தனுக்கும் புரியல, ஆனா கை தட்டினான்.

மறுநாள் காலையில பேப்பர். கங்கா ஸ்போர்ட்டிங் சாம்பியன்.

ஏன்னா, அந்த வருஷத்துல இருந்து வகுக்கறது இல்லையாம். கழிக்கறதாம். போட்டதுல இருந்து வாங்கினதைக் கழிச்சா எவனுக்கு அதிகமோ அவனுக்குக் கப்பு. முப்பத்தெட்டுல பத்தொம்போது போனா பத்தொம்போது. இருபத்தி நாலுல ஆறு போனா பதினெட்டு. கழித்தல். ஒண்ணாங்கிளாஸ் பாடம். பல்லு தேய்க்கத் தெரியாதவன் போடற கணக்கு. வகுத்தல் படிச்சவன் ஒருத்தன்கூடவா லீக் நடத்தற அந்த டெல்லி ஆபீஸ்ல இல்ல? நான் அந்தக் கழித்தலை ஒத்துக்கவே மாட்டேன். இன்னிக்கு வரைக்கும் எங்க கிளப் வரைக்கும் நாங்கதான் சாம்பியன். எழுதிக்கிட்டீங்களா?

சொல்லலியான்னா? சொன்னாங்களாம். ஜூன் மாசமே எல்லா கிளப்புக்கும் சர்க்குலர் அனுப்பினாங்களாம். அனுப்பியிருப்பான். அவனுங்க கடுதாசியை நான் பிரிக்கறதில்லம்மா. ஏன்னு கேளுங்க. முதல் வருஷம் எங்க கிளப்புக்கு அனுப்பின கவர்ல 'மைசூர் ராஜ்யம்'னு விலாசம் போட்டிருந்தான். மெட்ராஸ் எங்க இருக்குன்னு தெரியாதவன் எனக்கு என்ன விதி சொல்லித் தரப்போறான்? அன்னிக்கு முடிவு பண்ணேன். அதுல இருந்து அவனுங்க கவர் வந்தா அப்படியே கிளப் ரூம் கேரம் போர்டு ஸ்டாண்டுக்கு அடியில அண்டக் குடுத்துடுவேன். ஒரு கால் குட்டை, அதுக்கு. நாலு கவர் வெச்சா மட்டமா நிக்கும். அதுக்காவது உபயோகப்பட்டுது டெல்லி.

பேப்பர் வந்த அன்னிக்குக் கடை பூரா கூட்டம். 'என்னா செக்ரட்டரி, என்னா ஆச்சு'ங்கறான். லாரியில தூக்கினவன் எல்லாம் வந்து நிக்கறான். வகுத்தல் கழித்தல்னு சொன்னா எவனுக்குப் புரியும்? ஒரு வார்த்தையில சொல்லணும் இவனுங்களுக்கு. சொன்னேன். 'அந்தப் பெனால்டி உள்ள போயிருந்தா நமக்கு இந்தக் கதி வருமாடா?'ன்னு. அவ்வளவுதான். புரிஞ்சுடுச்சு. கூட்டம் கலைஞ்சு போச்சு.

அதுக்கு அப்புறம் நடந்ததுக்கெல்லாம் நான் பொறுப்பு கிடையாது. ஒரு கம்பெனி டீம்ல வேலையோட எத்திராஜைச் சேத்துக்கறதா பேச்சு இருந்தது. நெருக்கடியில கால் நடுங்கறவன் வேணாம்னு விட்டுட்டாங்க. அந்த சீசனோட ஷூவைக் கழட்டிட்டான். சரக்கு ஏத்தற மூணு சக்கர மீன்பாடி வண்டி ஓட்டினான். பேரே பெனால்டின்னு ஆயிடுச்சு. 'பெனால்டி வண்டியைக் கூப்பிடு'ன்னுதான் சொல்வாங்க. அவன் பொண்ணை ஸ்கூல்ல சேக்கப் போனா, 'யாரு, பெனால்டி பொண்ணா?'ன்னு கேட்டானாம் பியூன். ஒரு ஆம்பளையா இருந்தா சண்டைக்கு வந்திருக்கணும். வரல. என்னைப் பாத்தா இன்னிக்கும் பீடியைப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, 'நல்லா கீறியாண்ணே'ம்பான். மானங்கெட்டவன்.

அவன் பண்ண இன்னொரு வேலையைக் கேளுங்க. பேப்பர் வந்து மூணு நாள் இருக்கும். கிளப் ரூம்ல எவனும் இல்ல, நான் மட்டும் உக்காந்திருக்கேன். வந்தான். நேரா போய் அந்த ஸ்டாண்டைத் தூக்கினான், அடியில இருந்த கவர்ல மேல இருந்ததை உருவினான். தூசி தட்டி, ஜூன் மாசத்து முத்திரையைப் பாத்தான். ஒட்டினது ஒட்டினபடி இருக்கறதையும் பாத்தான். என் மேஜை மேல வெச்சுட்டு, 'உன் பேருக்கு வந்துகீதுண்ணே'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். என் கடுதாசியைத் தொட இவன் யாரு? அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துல ரெண்டு வருஷம் அவனோட பேசல.

இப்பச் சொல்லுங்க. ரொம்ப நேரமா என்னமோ சொல்ல வாயெடுக்கறீங்களே.

என்னது? எத்திராஜையா? எப்ப பாத்தீங்க?

காலையிலயா. இங்க வர்றதுக்கு முன்னாடியே. அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா. நான் பேச விட்டாத்தானேங்கறீங்க, சரி, அதுவும் சரிதான். என்ன சொன்னான்? என்னைப் பத்தி என்ன சொன்னான்?

ஒண்ணும் சொல்லலியா. கவர் பத்திக்கூடவா? போர்டைத் தூக்கினேன், வெளிய எடுத்தேன், அதெல்லாம்?

படிங்க. உங்க நோட்டுல எழுதினதை அப்படியே படிங்க, அவன் சொன்ன மாதிரியே.

'என் பெனால்டிதாங்க போச்சு. அது உள்ள போயிருந்தா கப்பு நம்ம கிட்ட வந்திருக்கும். அப்படியே எழுதிக்கங்க. கணக்கு வெவரம் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க, செக்ரட்டரி அண்ணன் கிட்ட கேளுங்க. அவரு தப்பில்லாம சொல்லுவாரு.'

இவ்வளவுதானா. இதைத்தான் புஸ்தகத்துல போடப்போறீங்களா? அச்சுல? அவன் பேரோட?

தங்கராசு, அந்த ரேடியோவை நிறுத்து.

தப்பும்மா. அவன் சொன்னது தப்பு. முட்டாப் பய, கணக்குத் தெரியலேன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணும். பேனாவைக் குடுங்க. இந்தப் பேப்பர் ஓரத்துல போட்டுக் காட்டறேன், பாருங்க. பெனால்டி உள்ள போயிருந்தா என்ன? எங்களுக்கு இருபத்தஞ்சு. இருபத்தஞ்சுல ஆறு போனா. கழிக்கறேன், இருங்க. பத்தொம்போது. கங்காவுக்கும் பத்தொம்போது. ரெண்டும் சமம். சமமானா யாருக்கு? அதிகமா கோல் போட்டவனுக்கு. அந்த சர்க்குலர்லயே இருக்கு, மூணாவது பாரா. ஆமா, பிரிச்சேன். அவன் மேஜையில வெச்சுட்டுப் போன அன்னிக்கே பிரிச்சேன். எங்களுக்கு இருபத்தஞ்சு, அவனுக்கு முப்பத்தெட்டு. கப்பு கங்காவுக்குத்தான். பெனால்டி போயிருந்தாலும் கங்காவுக்குத்தான்.

நாப்பத்தஞ்சு வருஷம்மா. பெனால்டியையும் சேத்து இந்தக் கழித்தலை நான் ஒரு நாள் போட்டதில்ல. அற்பக் கணக்குன்னு விட்டுட்டேன். பெனால்டியில ஒண்ணுமே இல்ல.

வேண்டியிருந்தது இன்னும் ரெண்டு கோல். எதிர்ல பத்துப் பேரு, இருபது நிமிஷம் பாக்கி, மூணு போட்டுக் குடுக்கறேன்னு ஒருத்தன் கேட்டுக்கிட்டு நிக்கறான். போட்டிருப்பான். சத்தியமா போட்டிருப்பான்.

அவன் சொன்னதை அடிங்க. நல்லா அடிங்க, கீழ எழுத்து தெரியக் கூடாது. இப்ப நான் சொல்றதை எழுதுங்க. 'எழுபதாவது நிமிடத்தில் எத்திராஜை வெளியே எடுத்தவர் கிளப்பின் செயலாளர் தணிகாசலம். விதி மாறிய கடிதம் ஜூன் மாதமே அவருக்கு வந்திருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை.' போட்டாச்சா? நட்சத்திரம் எல்லாம் வேணாம், அதையும் அடிச்சுடுங்க. கங்கா பேர் இருந்தபடி இருக்கட்டும்.

இப்ப படிங்க. இல்லம்மா, எனக்குக் கேக்குது, காது நல்லாத்தான் இருக்கு. எழுந்து நின்னு சத்தமா படிங்க. அந்த மூலையில டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கணும். பெனால்டின்னு நான் சொன்னது இந்தக் கடையிலதான்.